மானேஜர் சொன்னதாகத் தையல்நாயகி சொன்னது

ஏழாவது படியில் நின்று, வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள் தையல்நாயகி. மாற்றி முடிந்துவிட்டால் சேதி தயார் என்று அர்த்தம். மேலே மானேஜர் அவள் காதில் போட்டது ஒன்று. மிச்சம் ஐந்து படியும் இறங்கித் தரையில் கால் வைத்ததும் நாற்பத்திரண்டு பெண்களுக்கு அவள் சொல்லப்போவது வேறொன்று.

விழுப்புரம் ரயிலடிக்கு மேற்கே இருக்கும் அந்த மல்லாட்டைக் கிடங்கில் நிலக்கடலைத் தோல் உடைக்கும் மெஷின் ஒன்றும், அதை ஓட்டும் ஆயில் இஞ்சின் ஒன்றும் உண்டு. காலை எட்டு மணிக்கு இஞ்சின் பிடித்ததென்றால், பக்கத்தில் இருப்பவளிடம் கொஞ்சம் புகையிலை கேட்பதற்குக்கூட அவள் காதைப் பிடித்து இழுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக முறத்தோடு உட்கார்ந்து, பருப்பில் கல்லும் சொத்தையும் பொறுக்குவார்கள். மானேஜர் விருத்தாசலம் திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து, பன்னிரண்டு மரப்படிகளும் ஏறி, மச்சின்மேல் இருக்கும் அறையில் உட்கார்ந்தால் சாயங்கால வண்டிக்குத்தான் இறங்குவார். நடுப்பகலில் இஞ்சினை நிறுத்தும் நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் கேரியரைத் திறந்துகொள்வார்.

கூலிப் பெண்களோடு மானேஜர் நேரே பேசுவதில்லை. அவர்களும் அவரோடு பேசுவதில்லை. இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தால் யாராவது ஒருத்தி மீறியிருப்பாள். ஆகவே ஏழு வருஷமாக மேலே இருப்பவர் குரலைக் கீழே இருப்பவர்கள் கேட்டதில்லை. கீழே இருப்பவர்கள் குரலை மேலே இருப்பவரும் கேட்டதில்லை.

முதல் வருஷம் ஒருநாள் அவர் மேலே நின்று கையை ஆட்டி என்னவோ கத்த, ஒருவருக்கும் விளங்காமல், "என்னான்னு கேட்டுக்கினு வர்றேன் இரு" என்று எழுந்து போனாள் தையல்நாயகி. இஞ்சினையும் மீறிக் கேட்கும் கனத்த குரல் அவளுக்கு. அன்றைக்கு ஏறியவள்தான், இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. ஆஜர் பட்டியலில் அவள் வெறும் பதினேழாம் நம்பர்.

"இந்தக் கழுதைங்க வாயை மூடலைன்னா ஒருத்தி வுடாம வெரட்டிடுவேன்னு சொல்லு" என்பார் மானேஜர். இறங்கி வந்து அவள் சொல்வாள்: "பேசிக்கினே பொறுக்குனா கண்ணு ஏமாந்துடுமாம். கொஞ்சம் பாத்துப் பொறுக்கச் சொல்றாரு ஐயா." பெண்கள் தரப்பில் பூமாலை, "போகிக்கு லீவு வுடலைன்னா அந்தாளு மண்டையிலயே முறத்தைக் கவுத்துடறேன்னு சொல்லுக்கா" என்பாள். அது மேலே போய்ச் சேரும்போது, "பண்டிகைக்கு வூடு மெழுவணுமாம், ஐயா மனசு வெக்கணும்னு கேக்குறாங்க" என்று ஆகியிருக்கும்.

வெறுமனே திருத்துவதோடு அவள் விட்டுவிடுவதில்லை. மேலிருந்து ஒன்றும் வராத நாட்களில் தானாகவே ஒன்று கொண்டுவருவாள். அம்சவள்ளி பத்து நாள் ஜுரத்தில் படுத்து எழுந்து வந்தபோது, "ஒடம்பு தேவலையான்னு ஐயா கேக்கச் சொன்னாரு" என்றாள். ஐயாவுக்கு அம்சவள்ளி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. மறுநாள் காலை அம்சவள்ளி அவரைப் பார்த்து நெஞ்சுருகக் கும்பிட்டாள். அவர் விழித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு தினமும் நாலு பேர் கும்பிட, நாலு பேருக்கும் தலையாட்டுவது அவருக்கும் பழகிப்போயிற்று. தம்முடைய கண்டிப்பினால்தான் கிடங்கில் இப்படி ஒரு மரியாதை நிலவுகிறது என்று திண்டிவனத்தில் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

இவ்வளவு புரட்டும் பேசுகிறவளுக்குச் சொந்தத் தெருவில் ஒரு பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் புது மருமகளைக் காட்டி, "எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, ஒங்கிட்ட எப்படி காலந்தள்ளப் போறாளோ" என்று பதில் சொல்லி, இன்றைக்கு மூன்று வருஷம் ஆகிறது. இடையில் நிற்கும் வேலியைக்கூட வெள்ளையம்மாள் இரண்டு முழம் உயர்த்திவிட்டாள். கிடங்கிலோ தையல்நாயகி சொன்னால் சாட்சி வேண்டாம் என்பார்கள்.

அவளுக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நாள், கிழமை, மூட்டைக் கணக்கு இவற்றில் கை வைக்க மாட்டாள். வைகிறவர்களின் வசவில் மாத்திரம்தான் கை வைப்பாள். தனக்கென்று ஒரு சேதியும் இதுவரை மேலே கொண்டுபோனதில்லை.

அவள் சேதியை மாற்றும் விஷயம் தெரிந்த ஒரே ஆள் இஞ்சின்காரன் அந்தோணிசாமி. பத்து வருஷம் இஞ்சினோடு குடித்தனம் செய்ததில் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகியவன். மேலே கதவு திறந்திருந்தால் மானேஜர் சொல்வதும் அவனுக்குத் தெரியும், கீழே இவள் சொல்வதும் தெரியும். ஒருநாள் நடுப்பகல் ஓய்வில் கேட்டே விட்டான்.

"ஏங்க்கா, அவுரு நாயி பேயின்னு சொல்றாரு. நீ கண்ணு மூக்குன்னு சொல்ற. இது பாவமில்லியா?"

"நீ எதுக்குடா இஞ்சினுக்கு எண்ணெ ஊத்துற?"

"ஊத்தலைன்னா காஞ்சி புடிச்சிக்குமே."

"அப்ப நீ பாவத்த ஊத்து, நானும் ஊத்தறேன். போ."

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் லூர்துமேரியின் குழந்தை வந்து சேர்ந்தது. லூர்துமேரி முகையூர்ப் பக்கத்துப் பெண். பிள்ளை பெற்று நாலாம் மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "கூடவே இட்டுக்கினு வரலாமான்னு ஐயாவக் கேளுக்கா. இல்லைன்னா நான் நின்னுக்க வேண்டியதுதான்" என்றாள். தையல்நாயகி ஏறிப்போய்க் கேட்டாள். அன்றைக்குத்தான் மானேஜருக்குக் கம்பெனியிலிருந்து, பருப்பில் கல் இருக்கிறதென்று ஒரு கடிதம் வந்திருந்தது. "இது கிடங்கா, தொட்டில் கடையா? கொழந்தையோட வந்தா ரெண்டையும் வெளிய தள்ளு" என்றார்.

ஏழாவது படியில் அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றாள். வெற்றிலை இரண்டு தரம் இடம் மாறியது. கடைசியில் கீழே வந்து, "இட்டுக்கினு வரச் சொல்லிட்டாரு" என்றாள்.

அந்தோணிசாமி எண்ணெய்க் குவளையைக் கீழே போட்டான்.

அதுவரை சொல்லின் சூட்டைத்தான் அவள் தணித்திருந்தாள். இப்போது இல்லை என்பதை ஆம் என்று ஆக்கிவிட்டாள். தெரிந்தால் லூர்துமேரிக்கு வேலை போகும், இவளுக்கும் போகும். ஏழு வருஷத்துச் சேதி முழுவதும் பொய் என்று நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்துபோகும். சாக்கு அடுக்குக்குப் பின்னால் உத்தரத்தில் தூளி கட்டி, ஒன்பது நாள் ஓடியது. குழந்தை அழுதாலும் இஞ்சின் விழுங்கிக்கொண்டது. இஞ்சினை நிறுத்தும் நேரத்துக்குச் சற்று முன்பே, பால் கொடுக்கச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிடுவாள் தையல்நாயகி. நாளாவட்டத்தில் அதுவும் இஞ்சின் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டது.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பெல்ட் அறுந்து சுவரில் அறைந்தது. அந்தோணிசாமி ஓடிப்போய் இஞ்சினை நிறுத்தினான். கிடங்கு சட்டென்று ஓய்ந்தது. சத்தம் நின்றதும் குழந்தை திடுக்கிட்டு விழித்து, வீறிட்டு அழுதது.

மேலே கதவு திறந்தது. "அது என்ன சத்தம்?"

பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தையல்நாயகியின் கனத்த குரலிலேயே அவரைக் கேட்டுப் பழகியவர்கள். "மானேஜரு கொரலாடி இது? கொசு பாடற மாரி இருக்குது!" என்றாள் பூமாலை.

"கொழந்தைய யாரு உள்ள வுட்டது?"

தையல்நாயகி முறத்தை வைத்துவிட்டுப் பாதிப் படி ஏறுவதற்குள், லூர்துமேரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "நீங்கதாங்க ஐயா வுட்டீங்க! அக்கா வந்து சொல்லிச்சே. ஒங்க பேருக்குத் தெனம் ஜெபம் பண்றேங்க."

"என் ஜொரத்த விசாரிச்சீங்களே, அத்த நான் மறக்கலீங்க!" என்றாள் பின்வரிசையிலிருந்து அம்சவள்ளி. இன்னொருத்தி தன் மகன் கல்யாணத்துக்கு அவர் சொல்லியனுப்பிய ஆசீர்வாதத்தை நினைவுபடுத்தினாள். தாம் செய்த நற்காரியங்களை மானேஜர் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தையலு, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

அந்தோணிசாமி அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"வெளிய தள்ளுன்னு சொன்னீங்க. இட்டுக்கினு வரச் சொன்னது நான்தாங்க ஐயா." எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். கீழே முறங்கள் நின்றன. "இவ மேல குத்தமில்ல. இப்பதான் இஞ்சின் நின்னுபோச்சே. ஒங்க வாயாலயே சொல்லிடுங்க, எல்லாத்துக்கும் நல்லாக் கேக்கும்."

சொல்லிவிட்டு, படியில் சுவரோரமாக ஒண்டி, அவர் இறங்குவதற்கு வழிவிட்டாள்.

மானேஜர் ஒரு காலை முதற்படியில் வைத்தார். கீழே நாற்பத்திரண்டு முகங்கள். கேட்ட பிறகும் ஒன்றில்கூடப் பயமில்லை. ஜுரத்துக்கு விசாரித்தவர், கல்யாணத்துக்கு வாழ்த்தியவர், அவர் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டார் என்று எழுதி ஒட்டினாற்போல இருந்தன அந்த முகங்கள். அந்தப் பெரிய மனிதரோடு மானேஜருக்கு அதற்கு முன் பழக்கமில்லை. அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டு எப்படி இறங்குவது என்றும் தெரியவில்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"சத்தம் போடாம பாத்துக்கச் சொல்லு," என்றார் சுவரைப் பார்த்து.

கிடங்கின் கோடி வரைக்கும் கேட்டது. இருந்தாலும் ஒருத்தியும் அசையவில்லை. நாற்பத்திரண்டு முகமும் அவரை விட்டுத் தையல்நாயகியின் பக்கம் திரும்பின.

"ஐயா இன்னாக்கா சொல்றாரு?" என்றாள் பூமாலை.

சுவரோரத்திலிருந்து நடுப்படிக்கு வந்தாள் தையல்நாயகி. "புள்ளைக்குப் பசிக்குதாம் பாரு. வெளிய காத்தாட ஒக்காந்து பால் குடுத்துட்டு வரச் சொல்றாரு. அவசரம் ஒண்ணுமில்லியாம்."

மானேஜர் வாயைத் திறந்தார். பிறகு, "டேய் அந்தோணி, பெல்ட்டை மாட்டுடா ஜல்தி!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

லூர்துமேரி பிள்ளையோடு வாசலுக்குப் போனாள். தையல்நாயகி படியிறங்கி, சாக்கு அடுக்குக்குப் பின்னால் போனாள். காலித் தூளி, அவசரத்தில் போட்ட ஒற்றை முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து, உத்தரத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சாகப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள்.