பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவள்

நர்ஸ் வேலையில ஊசி போடறது சுலபம். இனி பிழைக்கமாட்டார்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவச்ச ஆள் பக்கத்துல இருக்கிறதுதான் பாடு. அதைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ, பிள்ளையார்பாளையத்துல நெசவுக்காரர் துரைசாமி வீட்டுக்குத் தினமும் காலையில போய் வலிக்கு ஊசி போடுவேன். வயித்துல புத்துநோய். மனைவி இறந்து ரொம்ப வருஷம். மகள் வள்ளி தன் இஷ்டத்துக்கு ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கிட்டு ஐயம்பேட்டைக்குப் போயிட்டா. அவளை ஒருதடவை பார்க்கணும்னு பெரியவர் தவிச்சார். அவ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு மகன் முருகேசன் ஒத்தக்கால்ல நின்னான்.

உட்கார இடம்

கட்டில் தறியை ஒட்டியே இருந்துச்சு. கரையை வேற நிறத்துல கோத்து நெய்யற கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் நெய்வார், பக்கத்துப் பலகையில இன்னொருத்தர் உக்காந்து கரைக்கு நூல் சுத்தின நாடாவைத் தள்ளுவார். பெரியவர் படுத்ததிலிருந்து தறி சும்மா கிடந்துச்சு. கால் கடுக்குதேன்னு அந்தப் பக்கத்துப் பலகையில உக்காரப் போனேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்க வேணாம் நர்சம்மா. எம் பொண்டாட்டி உக்காந்துக்கினு இருக்கா."

சத்தம்

சாகப்போறவங்க இப்படிப் பேசுறது நமக்குப் புதுசா? நான் பாட்டுக்கு ஊசியைக் கொதிக்க வச்சேன். இன்னொரு நாள் காலையில, தறி அடிக்கிற சத்தம் மெதுவாக் கேட்டுச்சு. பெரியவரும் கேட்டுச் சிரிச்சார். பக்கத்து வீட்டுல நெய்யிறாங்களான்னு முருகேசனைக் கேட்டேன். அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.

"இன்னிக்கு அமாவாசைமா. தெருவுல எவனும் தறியில உக்கார மாட்டான்."

மகள்

கடைசியில ஊசிக்கும் வலி அடங்கலை. மனுஷன் துடிக்கிறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கலை. முருகேசன் காதுல விழட்டும்னு பெரியவரைச் சத்தமாவே கேட்டேன், "உங்க வீட்டம்மா என்னதான் சொல்றாங்க?"

"வள்ளி வந்து உக்காந்தாத்தான் எடத்தை விடுவாளாம். அதுவரைக்கும் என்னைக் கூட்டிக்கினு போகமாட்டாளாம்."

முருகேசன் முகம் வெளுத்துப் போச்சு. சைக்கிளை எடுத்துக்கிட்டு ஐயம்பேட்டைக்குப் போனான். மத்தியானத்துக்குள்ள வள்ளி வந்துட்டா. யாரும் சொல்லாமலே நேரா அந்தப் பலகையில போய் உக்காந்து அப்பா கையைப் பிடிச்சா. அவர் முனகல் நின்னுடுச்சு. மகளை ஆசை தீரப் பார்த்தார். அப்புறம் அவ தோளுக்கு மேல பார்த்துத் தெளிவாப் பேசினார்.

"எழுந்துட்டியா? இரு, நானும் வரேன்."

அதோட அவர் கண்ணை மூடிட்டார். ஊசிக்கே அடங்காத வலி கடைசியில எதுக்கு அடங்குச்சுன்னு டாக்டர் கேட்டப்போ ஊசி பேரையேதான் சொல்லி வச்சேன், வேற யார் பேரைச் சொல்றது?