ஐஸ் அக்கா சீவிய துண்டு

பதினொன்றே கால் மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தபோது ஆஸ்பத்திரி லேபில் ஐஸ் அக்கா குளிர்பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். “நேத்து மாதிரி மானத்த வாங்குன, பிளக்கப் புடுங்கிடுவேன்.” சதையை உறையவைத்து மெல்லிசாகச் சீவும் இயந்திரம் அது. வாயால் வைவாளே தவிர, புது மாப்பிள்ளையைப் போலத்தான் அதைத் தாங்குவாள்.

பேசியவர் சர்ஜன். வயிற்றைத் திறந்தாயிற்று, இரைப்பைப் புற்றை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் வயிற்றின் உட்சவ்வில் அரிசியளவு ஒரு வெள்ளைப் பொட்டு. அதை வெட்டி அனுப்புகிறேன், உடனே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். வெறும் தழும்பென்றால் இரைப்பையை எடுப்பார்கள். அதுவும் புற்றென்றால் எடுத்துப் பயனில்லை, தைத்து மூடிவிடுவார்கள்.

படுத்திருப்பவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன்.

“நீ வெளிய போய் உக்காரு. வேற யாரையாவது வெட்டச் சொல்றேன்,” என்றார் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்லும் டாக்டரம்மா.

“வேற யாரு தொட்டாலும் இவன் முறைச்சுக்குவான் டாக்டர். சுருட்டிக் குடுப்பான்,” என்று அக்கா குளிர்பெட்டியைத் தட்டினாள்.

நோயாளி யாரென்று அவள் ஒருநாளும் கேட்பதில்லை. மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதுமில்லை. “வெட்டுறதோட என் வேலை முடிஞ்சுது. அதையும் பாத்துட்டு ராத்திரி சோறு எறங்காம கெடக்கணும்னு தலையெழுத்தா?”

பொட்டு வந்தது. உலோக வில்லையில் பசைவிட்டுப் பதித்தாள். குளிர்பெட்டிக்குள் சிறிது நேரத்தில் வெள்ளைவெளேரென்று இறுகியது. மூச்சுக்காற்று பட்டால் சீவல் சுருண்டுவிடும். அதனால் சக்கரத்தைச் சுற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். கன்னம் இரண்டும் உப்பிவிடும். “என்னடி, பலூன் யாவாரமா?” என்பாள் பக்கத்து மேசைக்காரி. இன்று அவளே எழுந்து வந்து சாயக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். முதல் சீவலே கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் படிந்தது.

சாயமேற்றிக் கொடுத்தாள். டாக்டரம்மா குனிந்து, தகட்டை மெல்ல நகர்த்தி, தொடங்கிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார். பிறகு போனை எடுத்தார்.

“இதுவும் புத்துதான் சார். சந்தேகமில்ல.”

தப்பாக இருக்க வாய்ப்புண்டா என்று மறுமுனையில் சர்ஜன் கேட்டார்.

“இல்ல சார். வெட்டு அவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு. அதான் இப்பவே உறுதியா சொல்றேன்.”

போனை வைத்ததும் அக்கா கேட்டாள்: “மூடிடுவாங்களா?”

“ம்.”

“வயித்த எடுத்துட்டா என்ன சாப்பாடு குடுக்கலாம்னு அண்ணி காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

மிச்சத் துண்டை, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு வைக்க வேண்டும். நாளை இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். அக்கா அண்ணனின் துண்டு ஒட்டியிருந்த வில்லையை வெளியே எடுத்து, கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். பனி உருகி மணிக்கட்டில் வழிந்தது. மேசைமேல் ஃபார்மலின் குப்பி திறந்தபடியே இருந்தது.