குரங்குகளுக்கு மாம்பழம் பிரித்தவள்

என் மகளுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையைக் கெடுத்தது நீங்கள்தான், கரஸ்பாண்டண்ட் சார். மிஸ் இல்லை, மற்ற பிள்ளைகள் இல்லை. மைக் உங்கள் கையில் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு பள்ளி, விழுப்புரத்தில் ஒரு பள்ளி நடத்துகிறவர் நீங்கள். நான் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிறவள். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். என் மகள் உங்கள் திண்டிவனம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

அவளுக்குப் படிக்க வராது. மழுப்பி எழுத எனக்குத் தெரியாது. தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. ஒரு வரியைக் கொடுத்தால் முதல் வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் வேர்த்துவிடும். எண்கள் மட்டும் தெரியும். ஆனால் கணக்குப் பரீட்சையிலும் ஒன்றும் எழுத மாட்டாள். பேப்பரை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வருவாள். சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு நீங்களே ஒரு கேமைக் கொண்டுவந்தீர்கள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் போனில் ஆட வேண்டும், படிப்பில் ஆர்வம் வரும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "படிக்கச் சொன்னா கேம் ஆடுவா. நீ கேம் ஆடச் சொல்றல்ல, இப்ப அதையும் ஆட மாட்டா பாரு."

ஆடினாள். கையிலிருந்து போனைப் பிடுங்க முடியவில்லை.

அது ஒரு தோப்பு. மரத்தடியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஒரு பெண் குரல் கேட்கும்: "இருபத்து நாலு மாம்பழம், ஆறு குரங்கு. ஆளுக்கு எத்தனை?" கீழே மூன்று கூடைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். சரியான கூடையைத் தொட்டால் குரங்குகள் குட்டிக்கரணம் போடும். தப்பாகத் தொட்டால் அழும்.

நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் வரும், உடனே குரங்குகள் கத்தும். மறுபடி குரல், மறுபடி கத்தல். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வி திரையிலும் எழுத்தில் வரும். அதை அவள் பார்க்கவே இல்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி குரலைக் கேட்டாள். உதடு அசைந்தது. குனிந்து ஒரு கூடையைத் தொட்டாள். சரி. அடுத்ததும் சரி.

கணக்கு தெரியாமல் இல்லை. பரீட்சையில் வரிவரியாக வருகிற கேள்வியைப் படிக்கத்தான் தெரியவில்லை. ஐந்து வருஷமாக இது ஒருவருக்கும் தெரியவில்லை, பெற்றவளுக்கும் தெரியவில்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "காதுல கேட்டா போட்டுடறா மிஸ்."

"சரிங்க, நான் கவனிக்கிறேன்" என்றார். அத்தோடு சரி. அந்த அம்மாவுக்கு ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். அவரை நான் குறை சொல்லவில்லை.

கேம் ஒன்றும் சாமி இல்லை. நடுநடுவே பிஸ்கட் விளம்பரம் போட்டுப் பிள்ளையை நச்சரிக்க வைத்தது. ஆனாலும் அவள் மாறினாள். திருவக்கரை கோயிலில் வரிசையில் நின்றபோது, "கணக்கு கேளும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கேட்டேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "உன் பொண்ணு இன்னா ஜல்தியா சொல்லுது! எங்க வூட்டுப் பையன் வெரலை எண்ணிக்கினு நிப்பான்" என்றார். வெளியாள் ஒருவர் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அம்மன் முகத்தைப் பார்க்காமல் அந்த ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேமில் யார் எத்தனை சரியாகப் போட்டார்கள் என்ற பட்டியல் சனிக்கிழமை தோறும் குரூப்பில் வரும். பிள்ளைக்கு ஒரு படம், என் மகளுக்கு மயில். மயில் மேலே ஏறிக்கொண்டே போய் மூன்றாவது இடத்தில் நின்றது. எங்கள் தெருவில் இன்னொரு பிள்ளையின் அம்மா வழிமறித்தாள்.

"இன்னாக்கா, கடையில புடவைய மடிச்சிக்கினே கேம் ஆடுறியா?"

"ஆமாண்டி. எங்க மொதலாளி சம்பளமும் குடுத்து கேமும் ஆடச் சொல்றாரு. நீயும் வர்றியா?"

சிரித்தோம். அது குத்தல் என்று தெரிந்தும் சிரித்தேன். மயில் என் மகளுடையது, எனக்கென்ன பயம்?

இரண்டு பள்ளிக்கும் சேர்த்து விழுப்புரத்தில் மண்டபம் எடுத்து விழா வைத்தீர்கள். முதல் மூன்று பேரை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். பரிசைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். "இங்கயே ஒரு தடவ ஆடிக் காட்டட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்றீர்கள். பெரிய திரையில் தோப்பு வந்தது. அந்தப் பெண் குரல் ஆரம்பித்ததும் மைக்கோடு மோதிக் கீ என்று கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு, "அந்த சவுண்ட ஆஃப் பண்ணுப்பா" என்றீர்கள்.

முதல் இரண்டு பிள்ளைகள் படித்துப் போட்டார்கள். என் மகள் திரையைப் பார்த்தாள். எழுத்து இருந்தது. எழுத்து மட்டும்தான் இருந்தது. நேரம் ஓடியது. ஒரு கூடையைத் தொட்டாள். குரங்குகள் சத்தமில்லாமல் அழுதன. மண்டபம் சிரித்தது.

நான் மேடை ஓரத்துக்கு ஓடினேன். "சார், சவுண்ட் வைங்க சார். கேட்டா போட்டுடுவா."

நீங்கள் மைக்கிலேயே பதில் சொன்னீர்கள். "கேட்டா போடுவாளாம்! பரீட்சையில கொஸ்டின் பேப்பர் பேசுமாம்மா?" அதற்கும் சிரிப்பு. அதோடு விட்டீர்களா? "அம்மாங்களே, தயவுசெஞ்சு புள்ளைங்களோட கேமை நீங்க ஆடாதீங்க" என்றீர்கள். நான்காவது இடத்தில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பரிசைக் கொடுத்தீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அழவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டாள்.

"அம்மா, நான் தூங்கினப்புறம் நீ ஆடுவியா?"

"இன்னாடி சொல்ற?"

"சார் சொன்னாருல்ல. நீ ஆடித்தான் மயிலு மேல போச்சா?"

இல்லை என்றேன். என் தலை மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். பொய் சொல்கிற ஒருத்தியைப் பெரிய மனதோடு மன்னிக்கிற பார்வை அது. கண்டக்டர் "பேஜாரு பண்ணாம உள்ள தள்ளி உக்காரும்மா" என்று சொல்லும் வரை நான் அசையவில்லை.

இப்போது அவள் கேமைத் தொடுவதில்லை. "உன் குரங்குகள் பசியோடு காத்திருக்கின்றன" என்று போன் அதுபாட்டுக்குச் சொல்கிறது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். நான் வாயால் கேட்டாலும் கணக்குப் போடுவதில்லை. "ஆறு தோசை இருக்கு, மூணு பேரு, ஆளுக்கு எத்தன?" என்று சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதும்மா, உனக்குத்தான் தெரியும்" என்றாள். நான்கு மாதமாக இதே பதில். இனிமேல் வேறு பதில் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வருஷப் பரீட்சை வரப்போகிறது. பேப்பரை வெள்ளையாகத்தான் கொடுப்பாள். ஒரே ஒரு கேள்வி உங்களுக்கு. அவள் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துக் கேள்வியைப் படித்துக் காட்டுவீர்களா, மாட்டீர்களா? ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொல்ல வேண்டாம். மிஸ் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். வரப்போகிற பெற்றோர் கூட்டத்தில், அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அங்கேயே சொல்லுங்கள்.