பதினேழு மடிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கேட்டவர்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும். தலைப்பு... சுவரில் தொங்கும் என் படம்தான்!

அந்தப் படத்தைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே ஒருமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. போன நூற்றாண்டில் சீமையில் கல்லில் வரைந்து அச்சடித்த லித்தோகிராஃப். கறுப்பு வெள்ளை. ஒரு கிரேக்கப் பெண் நிற்கிறாள். தோளிலிருந்து பாதம் வரை ஒரே துணி. இடுப்பருகே மட்டும் அதை இடது கையால் அள்ளிப் பிடித்திருக்கிறாள்.

"பார்த்தீங்களா சார்? மொத்தம் பதினேழு மடிப்பு. எண்ணியே பார்த்திருக்கேன்! நகை கிடையாது, பூ கிடையாது. எளிமை, அடக்கம், அமைதி... அழகுன்னா இதுதான் சார்!"

நண்பர் தலையாட்டினார். அவர் மனைவிதான், காபி கொண்டுவந்த என் மனைவி சரோஜாவிடம் கேட்டார்: "நீங்க என்னங்க சொல்றீங்க?"

சரோஜா படத்தை உற்றுப் பார்த்தாள். "பாவம்... அந்த இடத்துல துணி கிழிஞ்சிருக்கும். அதான் அள்ளிப் பிடிச்சிருக்கா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "இவளுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்! அடுப்படிதான் உலகம்" என்று வேறு சொன்னேன். நண்பரின் மனைவி சிரிக்கவில்லை. சரோஜா லேசாகச் சிரித்துவிட்டு, காலி டம்ளர்களை ஒரே கையில் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இடது கை இடுப்பருகே புடவையைப் பிடித்திருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை துண்டு எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் முந்தின நாள் சரோஜா கட்டியிருந்த அதே சுங்கடிப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. விரித்துப் போட்ட புடவையில் மடிப்பு ஏது? இடுப்பருகே வரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். பொடிப்பொடியாகத் தையல் போட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொன்று. முந்தானை ஓரத்தில் இன்னொன்று...

கூசிப் போய்விட்டது எனக்கு. தீபாவளிக்கு "எனக்கு இருக்கிறதே போதுங்க" என்றாள். அப்பாடா என்று விட்டுவிட்டேன். படத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டு, புது ஃப்ரேம் அடித்து மாட்டினேன். வெட்கக்கேடு!

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று உள்ளே போய் சரோஜாவிடம் கேட்டேன்.

"தினமும் மடிப்பையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நினைச்சேன்."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்! குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் உட்கார வைத்து நைலான், வாயில், சுங்கடி என்று புடவைகளைப் பரப்பினார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "வீட்டுல அவங்களுக்கு என்ன கலர் சார் பிடிக்கும்?"

பதினான்கு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். வாயைத் திறந்தேன்... ஒன்றும் வரவில்லை.

எத்தனை மடிப்பு என்று கேட்டிருந்தால், பட்டென்று சொல்லியிருப்பேன்.