பல்லிச் சீருடை

கடைக்குள் நுழைந்தால் அக்கா வணக்கம் சொல்வதில்லை. கை முதலில் ரேடியோவுக்குப் போகும். யாருடைய ரேடியோ, தொடலாமா என்பதெல்லாம் அப்புறம். முடிதிருத்தும் கடையில் பாதி முகம் நுரையோடு ஒருவர் கண்ணை மூடிப் பாட்டில் கிறங்கிக் கிடப்பார். அக்காவின் ஆள்காட்டி விரல் முள்ளை நகர்த்தி உள்ளூர் நிலையத்தில் நிறுத்திவிடும். "அதே பாட்டு இங்கயும் வரும், கொஞ்சம் பொறுங்க" என்பார். வராது. வேறொன்று வரும். அதற்குள் நுரை காய்ந்து போயிருக்கும்.

அக்காவின் தொழில் காற்றை விற்பது. மொத்தமாக இல்லை, துண்டு போட்டு. பத்து விநாடித் துண்டு, இருபது, முப்பது. நிலையம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். சுவரெல்லாம் பழைய கம்பளி. கீழே பெரிய இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் மேலே செய்தி வாசிப்பவரின் குரலில் லேசாக நடுக்கம் தட்டும்; கேட்பவர்கள் ஏதோ சோகச் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அலை ஒரு பக்கம் பாலம் வரை போகும், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி வரை. பாலத்தின் நடுவில் நின்றால் பாதி விளம்பரம் கேட்கும். மீதிக்குத் திரும்பி நடந்து வரவேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையிலும் அக்கா விளம்பரம் விற்றிருக்கிறார். "இங்க கேக்காதுங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்ககிட்ட வாங்க வர்றவங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் தூங்கி எந்திரிக்கிறாங்க" என்றாராம். அந்தக் கடைக்காரர் இன்று வரை தன் விளம்பரத்தைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்து நின்று கேட்டுவிட்டுப் போவதாக ஒரு பேச்சு. அதைக் கிளப்பி விட்டதும் அக்காவாக இருக்கலாம்.

அக்கா கடிகாரம் கட்டுவதில்லை. விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் கணு கணுவாகத் தொட்டுக்கொண்டே போகும். ஒரு கணுவுக்கு ஒரு விநாடி. நிலையத்துக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாயிற்று, பிசகாது. வீட்டிலும் அதே கதைதான். அவருடைய வீட்டுக்காரர் வேன் ஓட்டுபவர், எதையும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் பேசும்போது எதுக்கு விரலை எண்றே?" என்று கேட்டுவிட்டார்.

"நாப்பது செகண்டு ஓடிடுச்சு. நீங்க இன்னும் விஷயத்துக்கே வரலை. முன்னாடி பாதிய வெட்டுங்க."

தெருவே அவரைச் 'செகண்டு அக்கா' என்றுதான் கூப்பிடும். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் அப்பாவியாக, "அப்போ ஃபர்ஸ்ட் அக்கா யாருங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த அக்காவிடம் யாருக்கும் புரியாத ஒரு பழக்கம் உண்டு. விற்ற விளம்பரத்தை எல்லாம் உட்கார்ந்து கேட்பார். ஒன்று விட்டுப்போனால், கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவார். போன வாரம் அந்தப் பழக்கம்தான் அவர் கழுத்தைப் பிடித்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கீழே சலவை இயந்திரம் மின்சாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நின்றுபோயிற்று. எட்டு நிமிடம் நிலையம் ஊமை. அதில் சீருடைக் கடை விளம்பரம் அடிபட்டுப் போயிற்று. அந்தக் கடை ஒன்றுதான் நாலு மணி நிகழ்ச்சியைத் தாங்கிப் பிடிக்கிற கடை. அதுவும் கைவிட்டால் அறிவிப்பாளரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுப் பதிவு செய்த பாட்டையே ஓடவிடுவது என்று நிலைய முதலாளி சொல்லி வைத்திருந்தார். செவ்வாய் காலை அக்கா போய் உள்ளதைச் சொன்னார்.

சீருடைக் கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி யோசித்தார். "விளம்பரம் போகலைன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"அதான் சொல்ல வந்தேன்."

"இல்லம்மா. எட்டு நிமிஷம் உங்க ரேடியோ செத்துக் கிடந்திருக்கு. ஒருத்தர் கூட என்னன்னு கேக்கலை. அப்போ யாருதான் கேக்கிறாங்க? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்."

அக்காவின் கட்டைவிரல் ஆறு கணு போயிற்று.

"சரி. இன்னைக்கு நாலு மணிக்கு உங்க விளம்பரத்துல வேணும்னே ஒரு தப்பு விடுறேன். நல்லதைக் கேட்டா யாரும் அசைய மாட்டாங்க. தப்பைக் கேட்டா திருத்தாம இருக்க முடியாது. நாளைக்கு நாலு மணிக்குள்ள அந்தத் தப்பைச் சொல்ல ஒருத்தரும் வரலைன்னா நானே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

பந்தயம் என்றால் கடைக்காரருக்குக் கொஞ்சம் சபலம். "என்ன தப்பு?"

"பள்ளிச் சீருடை இல்ல. பல்லிச் சீருடை."

கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தது பெரிதில்லை. அறிவிப்பாளரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிது. பத்து வருடமாக நாக்கு பிசகாத மனிதர் அவர். சளி பிடித்தால்கூட ழகரம் ழகரமாகத்தான் வரும். "தங்கச்சி, மைக் முன்னாடி தும்மச் சொல்லு, தும்முறேன். பள்ளிய பல்லின்னு சொல்லச் சொல்லாத" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, உங்க வேலைக்குத்தான் இவ்வளவும்."

"வேலை போனா வேற பாத்துக்கலாம். ளகரம் போனா?"

ஒத்திகையில் ஏழு தடவையும் 'பள்ளி' என்றே வந்தது. வேண்டுமென்று இல்லை, பாவம், நாக்குக்கே தெரியவில்லை. கடைசியில் அக்கா தாளைப் பிடுங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அங்கே வாலோடு ஒரு பல்லியை வரைந்து கொடுத்தார். நாலு மணிக்கு அறிவிப்பாளர் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்: "பல்லிச் சீருடைகள் எல்லா அளவுகளிலும் கிடைக்கும்."

புதன்கிழமை சீருடைக் கடை திறந்ததிலிருந்து அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி வரை ஈ இல்லை. பதினொன்றுக்கு ஒரு அம்மாள் வந்து பொத்தான் வாங்கிக்கொண்டு போனார். சுவரில் ஒரு நிஜப் பல்லி விளக்குக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"வந்துட்டாரு வாடிக்கையாளர். அளவெடுக்கட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"எடுங்க. வாலுக்குத் தனியா எடுக்க மறந்துடாதீங்க" என்றார் அக்கா. சிரிப்பு மட்டும் வரவில்லை.

மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் மூன்று பேர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "அங்கிள், எங்க கிளாஸ் ரூம்ல நாலு இருக்கு. முழுக்கையா அரைக்கையா?" கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினார்கள். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "இதுங்க ரேடியோவா கேட்டிருக்கும்? யாரோ சொல்லித்தான் வந்திருக்கும்."

"அந்த யாரோ எங்க கேட்டாங்களாம்?"

"அந்த யாரோ வரட்டும். கணக்குல சேத்துக்கிறேன்."

மூன்றரைக்கு ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வேகமாக நடந்து வந்த மூச்சு. வாசலிலேயே நின்று, "இது... ரேடியோல சொல்ற சீருடைக் கடைதானே?" என்றார்.

"ஆமாங்க. பல்லி விஷயமா?" என்றார் கடைக்காரர், சிரிக்கத் தயாராக.

பெரியவர் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரி அனுப்பினா. அவ எந்திரிக்க முடியாம படுத்து ஆறு வருஷம் ஆச்சு. தலைமாட்டுல ரேடியோதான். நாலு மணிக்கு அந்தத் தம்பி குரல் வரணும் அவளுக்கு. திங்கக்கிழமை திடீர்னு குரல் நின்னு போச்சா, நேத்து பாத்தா நாக்கு குழறுது. 'ஒருநாளும் தப்பு விடாத புள்ள, அதுக்கு வாய் கோணிக்கிச்சோ என்னமோ, உங்கப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது'ன்னு ராத்திரி பூரா பொலம்பல். ரேடியோக்காரங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்க கடை விலாசம்தான் தினம் சொல்றாங்க, அது அவளுக்கு மனப்பாடம். அதான் இங்க வந்தேன். அந்தத் தம்பி நல்லா இருக்காரா?"

கடைக்காரர் கழுத்து நாடாவைக் கழற்றினார், மறுபடி போட்டார். மேசை அறையைத் திறந்து, அக்கா ஒரு மாதமாக வைத்துவிட்டுப் போன புதுப்பித்தல் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நகர்த்தினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அண்ணே, பல்லி முடிஞ்சுது. ஒரு வேலை சொல்றேன், குறுக்க பேசாம கேளுங்க..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் இறங்கிவிட்டது. மீதியைத் தெரு கேட்கவில்லை.

திரும்பி வந்து பெரியவரிடம், "அவருக்கு ஒன்னும் இல்லைங்கய்யா. வாய் கோணினது எனக்குத்தான்" என்றார். முக்காலியைத் துடைத்து அவரை உட்கார வைத்தார். கடைக்காரர் தானாகவே ரேடியோவைப் போட்டு, முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினார்.

நாலு மணி. இசை ஓய்ந்தது. விளம்பரத்துக்கு முன்னால் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"நேற்று இதே நேரத்தில் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னேன். என் உடம்பு நன்றாகவே இருக்கிறது. படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா கவலைப்பட வேண்டாம். நீங்களும் என்னோடு சொல்லுங்கள். பள்ளி." சற்று நிறுத்தினார். "பள்ளி." மறுபடியும் நிறுத்தினார். அங்கே ஒருவர் சொல்லி முடிக்கும் அளவுக்கு.

பெரியவரின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. நிலையத்துக்குக் கீழே சலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது போலும், அறிவிப்பாளரின் குரலில் நடுக்கம் தட்டியது. யாரும் விலை கொடுக்காத விநாடிகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மேசைமேல் அக்காவின் வலது கை விரித்தபடி கிடந்தது. கட்டைவிரல் ஒரு கணுவையும் தொடவில்லை.