சிரிக்காமல் நிற்கவேண்டிய படம்

போன வருடம் எங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் புகைப்பட வகுப்பொன்றில் சேர்ந்தேன். பெயர்பெற்ற ஓவியம் ஒன்றைத் தெரிந்த மனிதர்களை வைத்து அப்படியே படமாக எடுத்து வரவேண்டும் என்று ஆசிரியை ஒருநாள் சொன்னார். மற்றவர்கள் சன்னல் வெளிச்சத்தில் அழகான பெண்களை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொரு படம். கண்ணாடி போட்ட வயதான ஒருவர் வைக்கோல் அள்ளும் மூன்று முனைத் தடியைப் பிடித்தபடி நேரே பார்க்கிறார். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி. இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பின்னால் வெள்ளைப் பலகை வீடு, அதன் உச்சியில் தேவாலயத்தில் இருப்பதைப்போல் கூரான சன்னல்.

அந்தச் சன்னல்தான் காரணம். நாங்கள் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் புதுவீட்டு வரிசைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அதேபோல ஒரு பழைய வீடு இருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போவேன்.

முதலில் என் கணவரையும் மச்சாளையும் நிறுத்திப் பார்த்தேன். இவர் வாயை இறுக்கி மூடியதும் மச்சாள் சிரித்தாள். மச்சாள் அடங்கியதும் இவர் சிரித்தார். அன்றைக்கு ஒரு படமும் தேறவில்லை. இரவு அந்த ஓவியத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். பார்க்கிறவர்கள் அநேகமாக அவர்களைக் கணவன் மனைவி என்றே நினைக்கிறார்களாம். ஆனால் வரைந்தவர் மனதில் இருந்தது தகப்பனும் மகளும்.

வாசித்தவுடன் அப்பாவும் அக்காவும் நினைவுக்கு வந்தார்கள். சிரிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா தனியாக இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் முடித்திருந்தாள், அவ்வளவுதான். பல வருடங்கள் கழித்து அவள் எங்களைக் கூப்பிட்டு எடுத்தபோது, விமான நிலையத்தில் ஒரு முழுப்பெண் நின்றாள். அப்பா அவளைப் பார்த்து, "சுகமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஏதோ ஒரு மரியாதை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பேசுவதெல்லாம் என் மூலமாகத்தான். அம்மா போனபின் அப்பா என்னோடு இருக்கிறார், அக்கா பக்கத்து ஊரான யூனியன்வில்லில். வீட்டு அல்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் இருவர் மட்டும் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.

படத்துக்கு நிற்க வரச்சொல்லிக் கேட்டதும் அக்கா, "அப்பா ஓமெண்டவரோ?" என்றாள். அப்பா, "அவளுக்கு நேரம் இருக்குமோ?" என்றார். இரண்டு பேருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இலை உதிர்கிற காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பழைய வீட்டுக்கார வெள்ளைக்காரப் பெண்மணியிடம் முதலே அனுமதி கேட்டிருந்தேன். நாங்கள் கொண்டுபோன, மண் கிளறும் தோட்ட முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கொட்டிலுக்குள் போய் உண்மையான வைக்கோல் தடியையே எடுத்து வந்து தந்தார். அப்பா கொலர் இல்லாத சேர்ட்டும் கறுப்புக் கோட்டும் போட்டிருந்தார். அக்கா தலைமுடியை இழுத்து வாரியிருந்தாள்.

"இந்தக் குளிருக்குள்ள அப்பா எவ்வளவு நேரம் நிப்பார் எண்டு கேள்," என்றாள் அக்கா. அப்பா அவளுடைய தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"எனக்குக் குளிரேல்லை எண்டு சொல்லு," என்றார் அப்பா.

கமராவை முக்காலியில் பூட்டி, போனில் இருந்த ஓவியத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். தடி நெஞ்சுக்கு நேரே. அக்கா அரை அடி பின்னால். அப்பாவின் கண் என்னை நோக்கி. அக்காவின் கண் மட்டும் பக்கவாட்டில் எங்கேயோ. அது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அப்பாவும் அதைத்தான் கேட்டார். "உந்தப் படத்தில இருக்கிறவள் எங்கை பாக்கிறாள்?"

"தெரியாதப்பா. ஆளுக்கொரு கதை சொல்லுகினம். அசையாதேங்கோ."

பிறகு அப்பா, முகத்தைத் திருப்பாமலே, "நீ எங்கை பாக்கிறாய்?" என்றார். நான் வாயைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேள்வி எனக்கில்லை.

"ரோட்டை," என்றாள் அக்கா. "வந்த புதுசில நான் இருந்த பார்க்டேலில பஸ்சுக்கு நிண்டது ஞாபகம் வந்தது."

"அப்ப உன்னட்டைக் கோட் இருந்ததோ?"

"முதல் விண்டர் இல்லை. மேல்மாடி அன்ரி ஒண்டு தந்தவ. ஆம்பிளையளின்ர கோட். முழங்காலுக்குக் கீழை வரும்."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் அங்கை பங்கருக்குள்ள இருக்கிறியள். கோட் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் அப்பா.

"ஓம். சொல்லியிருக்கலாம்." பிறகு, "அந்தக் கோட்டோட தொப்பியும் போட்டால் பஸ் றைவர் என்னை ஆம்பிளையெண்டு நினைச்சுச் சேர் எண்டுதான் கூப்பிடுவான்," என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடி குலுங்கியது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, அசையக்கூடாது என்று நான் போட்ட கட்டளைதான் அவர்களைப் பேசவைத்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எதிரெதிரே உட்காரவைத்திருந்தால் அப்பா அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டிருப்பாரா?

ஒரு படத்தில்கூட இருவர் வாயும் ஒருசேர மூடியிருக்கவில்லை. அப்பா பல் தெரியச் சிரிக்க, அக்கா கண்ணை அவர் பக்கம் திருப்பியிருந்த படத்தைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். வெளிச்சமும் சன்னலும் மிகச் சரி, முகங்கள் மட்டும் தப்பு என்றார் ஆசிரியை. சொல்லிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அக்கா வந்திருந்தபோது படத்தை ரீவியில் பெரிதாகக் காட்டினேன். ஓவியருக்கு நின்றவர்கள் யார் என்று அப்பா கேட்டார். அவருடைய சொந்தச் சகோதரியும், தெரிந்த ஒரு பல் வைத்தியரும் என்றேன். இருவரையும் வேறுவேறு நேரத்தில் தனித்தனியாக நிறுத்தி வரைந்து, படத்தில்தான் சேர்த்தாராம்.

"அப்ப நிக்கேக்க அவையள் ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லையோ?" என்று அப்பா அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"எப்பிடிக் கதைக்கிறது? மற்றாள் அங்கை இல்லையே," என்றாள் அக்கா.