ஆயுத பூஜைக்கு வந்த ரிவால்வர்

எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். ஆறு வருஷமாகக் கிளப்பில் பிஸ்டல் சுடுகிறேன், இரண்டு மெடல்கூட வாங்கியிருக்கிறேன், ஆனாலும் பயம்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

காரணம் இல்லாத பயம் இல்லை. ஒரு பட்டறையில் பாகங்களை அளந்து பார்த்து முத்திரை வைக்கிற வேலை எனக்கு. சேர்ந்த இரண்டாம் வருஷம் என் கண்ணெதிரே சாணைச் சக்கரம் வெடித்து, ஒருவருடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து பழைய இரும்பு எதைக் கையில் எடுத்தாலும் ஒருமுறை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவள் போய்ப் பழைய ரிவால்வர் ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். உப்பிலியபுரத்தில் ஒருவர், ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டவர், பார்வை மங்கிப்போனதால் விற்கப்போவதாகக் கிளப்பில் பேச்சு வந்தது. போய்ப் பார்த்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். கையில் வாங்கியதுமே தெரிந்தது, இது என்னோடுதான் வரப்போகிறது என்று. விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டதும் நிஜம்.

"எந்த வருஷத்துதுங்க?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. எங்க அப்பா வாங்கினது. சுட்டா சொன்ன இடத்துல போய் நிக்கும், அவ்வளவுதான் தெரியும்."

லைசென்ஸ் என் பெயருக்கு வந்து, திருச்சி துப்பாக்கிக் கடை வழியாகக் கைமாறுவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. போலீஸ் விசாரணைக்கு வந்தபோது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டு அம்மா என் கணவரிடம், "இனிமே வீட்டுல நீங்க எதிர்த்தே பேச முடியாதே" என்றார். "இதுக்கு முன்னாடி மட்டும் பேசினேனாக்கும்" என்றார் இவர்.

குழலின் பக்கவாட்டில் எழுத்து பாதி தேய்ந்திருந்தது. கம்பெனிப் பெயர் போய், குண்டின் அளவைச் சொல்லும் முப்பத்திரண்டு என்ற எண் மட்டும் மிச்சம். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குறி பார்ப்பதற்கான பின்பக்கக் குறிப்பானைத் திருகி ஏற்றி இறக்க இரண்டு பொடித் திருகுகள் இருந்தன. "இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறவனுக்கு இந்தத் திருகு எதுக்கு? இது போட்டிக்குன்னே செஞ்சதுங்க" என்றார். பிடியின் மரத்தைக் கழற்றிப் பார்த்தோம். கீழே இருந்த எண்ணும் தோட்டா உருளையில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. எதையும் மாற்றிப் பூட்டவில்லை என்று அர்த்தம்.

கடைக்காரர் சரி என்றாலும் எனக்கு ஆறவில்லை. முப்பத்திரண்டிலேயே குட்டைத் தோட்டா, நீளத் தோட்டா என்று உண்டு. உருளையின் ஆறு அறையையும் வெர்னியர் அளவுகோல் வைத்து நான்கு நாள் அளந்தேன். குழலுக்குள் ஈயத்துண்டைத் தட்டி இறக்கி, வெளியே வந்ததன் குறுக்களவை அளந்தேன். விளக்கில் பிடித்து விரிசல் தேடினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற மாதிரி, ஒவ்வொரு கீறலும் எனக்கு விரிசலாகவே தெரிந்தது. ஐந்தாம் நாள் எல்லாம் சரி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட பொருளை மறுபடி அளப்பது எங்கள் வேலையில் கௌரவக் குறைச்சல்.

மறுவாரமே ஆயுத பூஜை வந்தது. விஜயதசமி அன்று முதல் குண்டைச் சுடுவது என்று முடிவு செய்தோம். என் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. பூஜை என்றால் தராசு, படிக்கல், தூக்குக் கொக்கி, லோடு ஆட்டோ டயர் வரை எதையும் விடமாட்டார். வீட்டுக்கு வந்து அரிவாள்மனை, தையல் மிஷின், என் வெர்னியர் என்று வரிசையாகச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"ரிவால்வருக்கும் வைக்கட்டுமா?" என்று குரல் வந்தது.

"வைங்க. உள்ள ஒண்ணும் இல்ல, காலிதான்" என்றேன்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. தொடவில்லை. மறுநாள் காலை எடுத்து, மேலே இருந்த பொட்டுகளைத் துணியால் துடைத்தேன். முனையில் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தார். அதையும் வழித்துத் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். கூடவே வருவேன் என்று இவரும் கிளம்பினார். கிளப் பக்கம் அதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை.

சுடும் இடத்தில் போய் நின்றேன். ஆறு அறையில் ஒன்றில் மட்டும் தோட்டா போட்டேன். காதடைப்பை மாட்டி, கையை உயர்த்தி, ரிவால்வரின் பின்னால் இருக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தேன். முன்குறிப்பான் இலக்கின் கறுப்பு வட்டத்தின் மேல் நிற்கவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று விரல் போன அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. கை நடுங்கும்போது சுடாதே என்பது முதல் நாள் பாடம். சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கினேன். ரிவால்வரை அதன் முனை இலக்கைப் பார்க்கிற மாதிரி மேசையில் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைக்கக் காதடைப்பைக் கழற்றினேன். இவ்வளவு அளந்தும் பயப்படுகிறாயே என்று என் மேலேயே எரிச்சல்.

பின்னால் இவர் கிளப் கோச்சிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவ பயப்படறா சார், எனக்குத் தெரியும். அதான் நேத்தே தீக்குச்சியால குத்திக் குத்தி, துப்பாக்கி வாய்க்குள்ள ஒரு கட்டை விரல் ஆழத்துக்குச் சந்தனத்த கெட்டியா அடைச்சு வச்சேன். கெட்டது எதுவும் வராது."

உருளையைத் திறந்து தோட்டாவை எடுத்தேன். பின்பக்கம் வெள்ளைத்தாளைப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தேன். வெளிச்சமே இல்லை. கோச் வந்து குழல் துடைக்கும் குச்சியை உள்ளே விட்டுக் குத்தினார். ஒரு நாள் காய்ந்து இறுகிய சந்தனம் கட்டைவிரல் நீளத் துண்டாக மேசையில் விழுந்தது. முனையை நான் துடைத்த துடைப்பு அதை இன்னும் வழவழவென்று மூடியிருந்தது. குழலை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருந்தால் போதும். பார்க்காதது நான்தான்.

"என்ன, சந்தனம் இருந்தா சுடாதா?" என்று சிரித்தபடி கேட்டார் இவர்.

நான் சொல்லியிருக்க மாட்டேன். கோச் சொல்லிவிட்டார். "சுடும் சார். குண்டு வெளிய போக வழி இல்லாம குழல் அவங்க கையிலயே வெடிச்சிருக்கும்."

இவர் சிரிப்பு நின்றுபோயிற்று. என் கையைப் பார்த்தார். பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தார். நுனியில் முந்தின நாள் குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை. எழுந்து ஓரத்துக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். நான் பெட்டியைப் பூட்டிக் கோச்சிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

"போதுங்க, விடுங்க. நான்தானே உள்ள பார்க்கல" என்றேன்.

திரும்பவில்லை. தோள் குலுங்குவது தெரிந்தது. குழாயை மூடிவிட்டு ஈரக்கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சுண்டுவிரல் வரைக்கும்.